மேட்டுல ஏறுன எண்ணெய்க் குழாய்

மெக்கானிக் தொழில்ல ரிப்பேர் பாக்குறது லேசு, வண்டிக்காரவங்க சொல்ற யோசனையக் கேட்டுக்கிட்டு ரிப்பேர் பாக்குறதுதான் கஷ்டம். பட்டறை வச்சு வயித்தெரிச்சல் பட்ட மகராசங்களா, உங்களுக்குத் தெரியாததா?

சேஸ்ல கை வைக்காதே

எண்பதுகள்ல காரைக்கால்ல, எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற டர்போவ கண்ணால பாத்தவங்களே கொறச்சல். நெரவி மிராசுதார் ஒருத்தரு, பெட்ரோல்ல ஓடுன அப்பா காலத்து லாரிக்கு மாட்ட, டர்போ வச்ச பழைய டீசல் எஞ்சின எங்கேருந்தோ புடிச்சாந்துட்டாரு. சம்பா அறுப்புக்குள்ள மாட்டித் தரணுமாம், நெல்லு ஏத்த வேற வண்டி கெடயாதாம். நானும் ஒத்துக்கிட்டேன். இது ஓடலன்னா நெரவிப் பக்கம் எவன் என்னைய நம்பி வண்டி விடுவான்?

டர்போவுக்குள்ள எண்ணெய் போவும்போது பம்பு தள்ளிவிடும். வெளிய வரும்போது தள்ள ஆளில்ல, தானா எறங்கணும். அதனால அந்தக் குழாய் தடியா, நேரா கீழ பாத்து, எஞ்சினுக்கு அடியில இருக்குற எண்ணெய் சேம்பர்ல வந்து விழணும். இங்க நடுவுல, வண்டிய அடியில தாங்குற சேஸோட குறுக்குச் சட்டம் மறிச்சிக்கிட்டு நின்னுச்சு. அறுத்துத் தள்ளி வைக்கணும்னேன். அப்பாவையே அறுக்கச் சொன்ன மாதிரி மொறைச்சாரு. குழாய சட்டத்துக்கு அடியில நொழைச்சு அந்தப் பக்கம் மேல ஏத்திக்கோன்னாரு. ஏறாதுங்கய்யான்னா கேட்டாத்தானே.

"எண்ணெய்தானே தம்பி, பழகிக்கும்."

அந்தோணியோட கைவேலை

சாமான் வாங்க நான் நாகப்பட்டினம் போயிருந்த நேரம் பாத்து, மிராசுதார் எங்க வெல்டர் அந்தோணியப் புடிச்சிட்டாரு. வந்து பாக்குறேன், சட்டத்துக்கு அடியில தொங்கி, அந்தப் பக்கம் அன்னப்பட்சி கழுத்தாட்டம் வளைஞ்சு ஏறி நிக்கிது குழாய். தேச்சு பளபளன்னு வேற வச்சிருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துல ஸ்பேனர எங்க வச்சேன்னே தெரியல. எண்ணெய் எப்புடிடா மேல ஏறும்னு கேட்டேன்.

"ஏறுறது எறங்குறதெல்லாம் அப்பறம் மாப்ள, அழகா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

ரெண்டு எண்ணெய்க் குளியல்

ஸ்டார்ட் பண்ணுனதும் பொகை. நீலப் பொகை. கடைத்தெருவே கண்ணக் கசக்குது, எதுத்த டீக்கடைக்காரரு பாய்லரத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாரு. எறங்க வழியில்லாத எண்ணெய் டர்போவுலயே தேங்கி, சைலன்சர் வழியா எரிஞ்சு வருது. குழாய மாத்துவோம்னு கெஞ்சுனேன். மிராசுதார் காதுல வாங்கல, வண்டிக்கு சனி புடிச்சிருக்குன்னுட்டாரு.

சனிக்கெழம திருநள்ளாறு போயி, தலையோட நல்லெண்ணெய் வச்சு முழுகி, எள்ளு வெளக்கு போட்டுட்டு நேரா பட்டறைக்கு வந்து நிக்கிறாரு. இங்க டர்போவும் எண்ணெயிலதான் முழுகிக் கெடக்கு. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனேன். அதே பொகை. என்னையத்தான் மொறைக்கிறாரு.

"எனக்கு சனி வுட்டுருச்சு, ஒன் வண்டிக்கு ஏன் வுடல?"

ஒன் வண்டியாம்! அறுக்கும்போது மட்டும் அவங்கப்பா வண்டி.

வடிகால் தகராறு

அறுப்பு நெருங்குன சமயம், காலையில வேட்டியெல்லாம் சேறா வந்தாரு. பக்கத்து வயக்காரன் வடிகால் வாய்க்கால்ல மண்ணக் கொட்டி மேடாக்கிட்டானாம், கதுருக்கு அடியில தண்ணி தேங்கி நிக்கிதாம். கீழ பாத்து வாட்டம் இல்லாம தண்ணி எப்புடி வடியும், இது கூடவா ஒருத்தனுக்குத் தெரியாதுன்னு பட்டறையே அதுர கத்துறாரு.

நான் அவரு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி லாரிக்கு அடியில படுக்க வச்சேன். அந்தோணியோட அன்னப்பட்சியக் காட்டி, இதாங்க டர்போவோட வடிகால்னேன். வெரலால அந்த வளைவத் தடவிப் பாத்தாரு. வெளிய வந்து மண்ணத் தட்டிக்கிட்டு, அறுத்துக்கன்னாரு.

சட்டத்த நாலு வெரக்கடை முன்னால தள்ளி வச்சேன். குழாய் நேரா எறங்குச்சு. பொகை நின்னுச்சு. நெல்லு மூட்டையெல்லாம் அந்த லாரியிலதான் ஏறுச்சு. அந்த சந்தோசத்துல டீக்கடைக்குப் போனா, மிராசுதார் பெஞ்சு நடுவுல குந்திக்கிட்டு என்னையக் கையக் காட்டுறாரு.

"வடிகால்னா கீழ பாத்துத்தான் போவணும்னு இந்தப் பயலுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதுலேருந்து நெரவியில எந்த வண்டி பொகைஞ்சாலும் யோசனை கேக்க அவருகிட்ட போறாங்க, அடியில படுக்க மட்டும் என்னையக் கூப்புடுறாங்க.