போகாமல் எழுதிய புல்வெளி

என் பெரியம்மாவுக்கு ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விளம்பரக் கையேடு எழுதும் வேலை. சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை; ஜன்னலோரம் அவள் மேசை. மலையோ கடலோ, படத்தை முன்னால் வைத்துவிட்டால் போதும், வார்த்தைகள் வந்து கொட்டும். வீட்டிலும் அப்படித்தான். துணி காயுது என்று சொல்லமாட்டாள், "வெயில் குடிக்குது" என்பாள். பெரியப்பா அவளுக்கு வைத்த பெயர் 'அலங்காரம்'.

நகரத்துக்கு வடக்கே, குன்றுகளுக்கு நடுவே ஒரு காட்டுவெளி உண்டு. அதைப் பற்றி அவள் இப்படி எழுதினாள்: "பஞ்சுமெத்தை விரித்தாற்போல் பச்சைப் புல்வெளி. செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள்."

அதை நம்பி நடந்தார் ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற செவிலியர். சேறு காய்ந்த ஊன்றுகோலோடு மாடியேறி வந்தார்.

"பஞ்சுமெத்தைன்னு எழுதினது யாரும்மா?"

"நான்தாங்க."

"முழங்கால் வரைக்கும் உள்ள போயிட்டேன். இழுத்து வெளிய போட நாலு பேரு வேண்டியதாப் போச்சு. நீ அங்க போயிருக்கியா?"

பெரியம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. "இல்லீங்க. போட்டோதான் பாத்தேன்."

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "போய்ப் பாரு. நீ எழுதினதவிட நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த விடுமுறையில் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே புல்வெளியே இல்லை. தண்ணீரின் மேல் பாசி, தோல்போலப் படர்ந்திருந்தது. ஓரிடத்தில் மிதித்தால் சற்றுத் தள்ளி நாணல் அசைந்தது. பெரியப்பா ஒரு குச்சியைச் செருகினார். அது முழுதாக உள்ளே போனது.

"அலங்காரம், உன் மெத்தைக்கு அடியே இல்லடி."

அவள் சிரிக்கவில்லை. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒவ்வொரு பருவத்திலும் போனாள்.

மாற்றி எழுதிக் கொடுத்ததைப் படித்த மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "இதப் படிச்சா எவன் வருவான்? சாக்கடை அறிக்கை மாதிரி இருக்கு!"

"அப்ப ரெண்டா எழுதுறேன் சார். வரச் சொல்றதுக்கு ஒண்ணு, வந்தவங்க முழுசாத் திரும்புறதுக்கு ஒண்ணு."

மேலாளர் அரைமனதாகத் தலையாட்டினார். புதிய கையேட்டில் நாணலின் நிறமும் பறவைகளின் குரலும் இருந்தன. பாதை தொடங்கும் இடத்தில் வைத்த பலகையிலோ மருந்துக்குக்கூட அலங்காரம் இல்லை: "பச்சையாகத் தெரிவது தரையல்ல. பழுப்பு நாணல் ஓரமாகவே நடக்கவும்."

சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே சாலை போட ஒரு திட்டம் வந்தது. கருத்துக் கேட்கும் கூட்டத்தில் பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தவர்கள் அந்த இடத்தைச் சொர்க்கம் என்றார்கள். சாலை நிறுவனத்தின் அறிக்கை "பயனற்ற ஈரநிலம்" என்றது. பிறகு அந்த நிறுவனத்தின் வக்கீல் ஒரு பழைய கையேட்டை எடுத்து, பஞ்சுமெத்தை வரியை உரக்கப் படித்தார். "இவங்க ஊர்க்காரங்களே புல்வெளின்னு எழுதியிருக்காங்க. புல்வெளியில ரோடு போட என்ன கஷ்டம்?" சபை சிரித்தது.

பெரியம்மா எழுந்தாள்.

"அது நான் எழுதினதுங்க. போகாம எழுதினது. ஆள் வரணும்னு எழுதினது. நீங்க பயனில்லன்னு எழுதினது, ரோடு வரணும்னு எழுதினது. ரெண்டுலயும் அந்த இடம் இல்ல."

பிறகு, தான் பார்த்ததைச் சொன்னாள். குன்றில் பெய்யும் மழை எங்கே வந்து தங்குகிறது, கோடையில் கீழே எந்த ஓடை மட்டும் வற்றாமல் இருக்கிறது, நாணலுக்குள் கூடு கட்டும் பறவை ஆள் வந்தால் எப்படிக் கழுத்தை நீட்டி நாணலாகவே நின்றுவிடுகிறது.

வக்கீல் விடவில்லை. "இப்பவும் ஏதோ ஒரு நோக்கத்துலதானே பேசுறீங்க?"

"ஆமாங்க. அது அழியாம இருக்கணும்னு பேசுறேன். அதையும் சேத்து எழுதிக்குங்க."

சாலை நிற்கவில்லை, குன்றின் மறுபக்கமாகத் திரும்பியது. தெற்கு ஓரம் கொஞ்சம் மண்ணுக்கடியில் போனது. அதையும் அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேலாளர் "கம்பெனி பேரு சந்தி சிரிக்குது" என்று கத்தினாரே தவிர, வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவளைப்போல எழுத அவருக்கு வேறு ஆள் ஏது?

அன்றிலிருந்து கால்படாத இடத்தைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதியதில்லை. இப்போது எழுபதை நெருங்குகிறாள். இன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டேன், பெரியப்பாதான் எடுத்தார்.

"ஏதோ பாறைக்காட்டப் பத்தி எழுதணுமாம், கெளம்பிட்டா. நானும் போறேன், வேற வழி? முட்டிதான் கெஞ்சுது" என்றார். குரலில் பெருமை வழிந்தது.