காலரில் வைத்த மஞ்சள்

கோயில் மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, நாங்கள் இலங்கையில் தொண்டு செய்துவிட்டு வந்த படங்களைக் காட்டினோம். குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பீஹூன் பிரட்டலும் தேநீரும் உண்டு என்றால் வருவார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

நாங்கள் போனது மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு. பள்ளி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்தோம். இங்கே வீடுவீடாகச் சேர்த்த பழைய துணிகளையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனோம். துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில் மடித்துக் கொடுத்ததில் எங்களுக்கு ஏகப் பெருமை.

அதில் ஒரு நீலச் சட்டை ஒரு பெண்ணுக்குப் போனது. டவுனில் மருந்துக்கடை ஒன்றில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. அன்று காலை அதைப் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். புதுத்துணிக்கு நம் வீடுகளில் வைப்பதுபோல் காலர் முனையில் மஞ்சள் வைத்திருந்தாள். காலில் விழுந்து எழுந்து, “படம் எடுங்க அக்கா, ஒங்க ஊருல காட்டுங்க,” என்றாள்.

அந்தப் படம் திரையில் வந்ததும் என் எதிர்வீட்டுக்காரி துள்ளினாள்.

“அக்கா, இது என் மவ சட்டை லா! ஆபீசுக்குப் போட்டுப் போட்டுச் சலிச்சது. மஞ்ச வேற வச்சிருக்கு பாருங்க. புதுசுன்னு நெனச்சிருச்சு, பாவம்!”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் ஏமாறவில்லை என்பது எனக்குத் தெரியும். தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்தபோது, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகள் உடுத்திக் கழித்த கவுன்தான் எனக்குத் தீபாவளித் துணி. அம்மா அதற்கும் மஞ்சள் வைத்துத்தான் போட்டுவிடுவார். “ஒனக்கு இன்னிக்குத்தானே புதுசு,” என்பார்.

அன்று மண்டபத்தில் இதைச் சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு நின்றிருக்கும். ஆனால் நானும் கிராணி வீட்டுப் பழந்துணியில் வளர்ந்தவள் என்று தாமானுக்கே தெரிந்துபோகும். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லாரையும்விடச் சத்தமாக அல்லவா சிரித்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. மருந்துக்கடையில் எடுத்துக்கொண்டார்களாம்.

“மொத நாளு அந்தச் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போவப்போறேன் அக்கா. எம் படத்த அங்க காட்டுனீங்களா? பாத்துட்டு என்னா சொன்னாங்க?”

பதிலுக்கு நான் பேசி அனுப்பவில்லை. எழுதித்தான் அனுப்பினேன், எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள் என்று. அது பொய்கூட இல்லை.