பந்தலுக்கு மேலே ஒரு செயற்கைக்கோள்

1. கொஞ்சம் போய்க் காட்டிட்டு வாங்க

அன்று ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், அயனம்பாக்கத்துல ஒரு தெருவுல குடிதண்ணி பைப் உடைஞ்சிருச்சாம். மூடலாம்னா வால்வு எங்கன்னு யாருக்கும் தெரியல. நம்ம மேப்ல இருக்குல்ல? கொஞ்சம் போய்க் காட்டிட்டு வந்துடுங்க."

அவர் "கொஞ்சம்" என்று சொன்னால் அன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம். எண்ணெய்த் தலையோடு கிளம்பினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் சர்வே கம்பெனியில் எனக்கு வேலை. தெருத்தெருவாகப் போய், மேன்ஹோல், வால்வு, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்து மேப் போட்டுக் கொடுப்போம். "இதுக்கு ஒரு ஆபீஸா?" என்று என் நாத்தனார் இன்றைக்கும் கேட்பாள். ரோடு மேல் ரோடு போட்டு வால்வை மூழ்கடித்துவிட்டு, பைப் உடைந்ததும் ஓடி வருவார்களே, அப்போதுதான் எங்கள் அருமை தெரியும்.

2. ஏகாம்பரம் தோண்டிய பள்ளங்கள்

எனக்கு முன்பே ஏகாம்பரம் அங்கே போயிருந்தார். எங்கள் கம்பெனியில் டேப் பிடிப்பது, வண்டி ஓட்டுவது, வாய் பேசுவது மூன்றும் அவர்தான். வீடு பக்கத்தில் என்பதால் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும்.

தெரு முழுக்கத் தகரப் பந்தல். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். ஒரு பக்கம் இடுப்புயர அண்டாவில் கூழ் கொதிக்கிறது. இன்னொரு பக்கம் ரோட்டில் இரண்டு பள்ளங்கள். ஒன்றிலும் வால்வு இல்லை.

"மேடம், மிஷினு இங்கதான்னுது. தோண்டுனேன், இல்ல. அப்பால அங்கன்னுது. தோண்டுனேன், அங்கயும் இல்ல. இன்னாத்துக்கு இப்டி அலைய வுடுது?" என்றார் ஏகாம்பரம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

உடைந்த இடம் செல்வியின் வாசல். செல்வி இட்லி மாவு அரைத்து விற்பவள். தரைத்தளத்தில் நான்கு கிரைண்டர்கள். ரோட்டை ஏற்றி ஏற்றி அவள் வீடு பள்ளமாகிவிட்டது. தண்ணீர் நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு கிரைண்டரை அவள் கட்டில்மேல் ஏற்றிவிட்டாள். மற்ற இரண்டும் பெரியவை, நகர்த்த முடியவில்லை. அவற்றின் மோட்டாரைத் தண்ணீர் தொட நான்கு விரல்கடைதான் பாக்கி.

"அக்கா, மோட்டார் போச்சுன்னா என் பொழப்பே போச்சுக்கா," என்றாள். அழவில்லை. பக்கெட்டால் மொண்டு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கருவியை வாங்கிப் பார்த்தேன். திரையில் சிக்னல் அளவைக் காட்டும் கம்பிகள் இருந்தன. ஆனால் கம்பிக்குள் வர வேண்டிய D எழுத்து இல்லை.

3. அந்த D எழுத்து

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஜிபிஎஸ் சொல்லும் இடத்தில் எப்போதும் சில மீட்டர் பிசகு இருக்கும். நம் நாட்டில் பல ஊர்களில் தரை நிலையங்கள் வைத்து அந்தப் பிசகை அளக்கிறார்கள். இன்றைக்கு இவ்வளவு திருத்திக்கொள் என்ற செய்தியை மேலே ஒரு செயற்கைக்கோளுக்கு அனுப்ப, அது நாடு முழுக்க இறக்கித் தருகிறது. இதற்குப் பெயர் ககன். விமானங்களுக்காக வந்தது, எங்களுக்கும் உதவுகிறது. செய்தி கிடைத்தால் D எழுத்து வரும். பிசகு ஓர் ஆள் கைவிரித்த அளவுக்குள் அடங்கிவிடும்.

அந்தச் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே, ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அதனால்தான் அதை ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. வானம் தெரிந்தால் போதும். தகரத்துக்கு அடியில் நின்றால் திருத்தமும் வராது, பக்கவாட்டில் நுழையும் ஜிபிஎஸ் சிக்னலும் தகரத்தில் மோதித் திரும்பி நம்மை ஏமாற்றும்.

விழாக் கமிட்டித் தலைவர் முனுசாமியிடம் போய், "ஒரு வரிசை தகரத்தைக் கழற்றணும்," என்றேன்.

"இன்னாம்மா வெளையாட்றியா? ராத்திரி பூரா கட்னது. ரோட்டுல கீற வால்வுக்கும் மேல கீற தகரத்துக்கும் இன்னா சம்மந்தம்?"

"உங்க வீட்டு மாடியில டிவி குடை இருக்கா?"

"கீது."

"அதுமேல ஒரு தகரத்தைக் கவுத்தா டிவி வருமா?"

"எப்டி வரும்? சிக்னல் மேலேந்துதானே வர்து."

"டிவி இறக்குற மாதிரி செயற்கைக்கோள்தான் இதையும் இறக்குது. இந்த மிஷினும் ஒரு குட்டிக் குடைதான்."

அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். பிறகு என் எண்ணெய்த் தலையைப் பார்த்தார். "டேய், ஏறுங்கடா மேல!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

தகரம் விலகிய இடத்தில் வெயில் விழுந்தது. அங்கே கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவே என் கையைப் பார்த்தது. D வந்தது. அப்பாடா! மேப்பில் முன்பே பதிந்து வைத்த வால்வு எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று கருவி காட்ட, ஏகாம்பரம் டேப்பை இழுத்துக்கொண்டு போனார். போனவர் நின்றுவிட்டார்.

"மேடம், கூழ் அண்டாக்கு நேர் அடில காட்டுது."

கொதிக்கிற அம்மன் கூழை யார் போய் நகர்த்தச் சொல்வது? முனுசாமி செல்வியின் வாசலைப் பார்த்தார். அவள் இன்னும் மொண்டுகொண்டிருந்தாள்.

"இந்தக் கூழுக்குக் கேவுரு மாவு அரச்சதே அந்தப் பொண்ணுதான். அவ ஊட்ல தண்ணி பூந்துகினு கீது, நம்ம இங்க கூழு ஊத்துனா ஆத்தா குடிப்பாளா? தூக்குங்கடா!" என்று துண்டை உதறிக் கையில் சுற்றிக்கொண்டு, முதல் ஆளாக அண்டாவின் காதைப் பிடித்தார்.

அண்டா நகர்ந்தது. நெருப்பை வாரித் தள்ளி, கல்லைப் புரட்டி, ஏகாம்பரம் கடப்பாரையால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. தாரை உடைத்தால், கீழே இரும்பு மூடி! வால்வைத் திருகத் திருகச் செல்வியின் வாசலில் தண்ணீர் அடங்கியது. மோட்டாருக்கு இரண்டு விரல்கடை மிச்சம். அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அழுதாள்.

4. பாடம்

கருவியைப் பார்க்கும் முன் வானத்தைப் பாருங்கள். இத்தனை வருட வேலையில் நான் கற்றது இதுதான்.

அந்த வால்வை இப்போது உயர்த்தி, ரோட்டு மட்டத்துக்கு மூடி போட்டுவிட்டார்கள். இனி அதைத் தேட எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம். ஆனால் ஒவ்வோர் ஆடியிலும் முனுசாமி எனக்குப் போன் செய்கிறார்.

"யம்மா, பந்தல் போட்டாச்சு. ஒரு வரிசை தகரம் உட்டுட்டுதான் போட்ருக்கேன். மய கொட்டுனாலும் மூட மாட்டேன். கூழு குடிக்க வந்துடு, செல்வியும் கேட்டுகினே கீது."

இனி தகரம் விட வேண்டியதில்லை என்று நான் சொல்வதில்லை. போய், அந்த இடைவெளிக்கு நேர்கீழே நின்று, ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு வருகிறேன்.