ஒரு நெளிவுகூட இல்லாத இன்டேக் பைப்

காருக்கு வெளிக் கம்பெனி ஏர் இன்டேக், அதாவது என்ஜினுக்குக் காற்று இழுக்கும் பைப், மாட்டலாம் என்று இன்று காலை நெல்லித்தோப்பில் ஒரு கடைக்குப் போனேன்.

மேசையில் இரண்டு பைப். ஒன்று பிளாஸ்டிக், ஒன்று அலுமினியம்.

"அலுமினியமே எடுத்துக்கங்கண்ணா. பம்பருக்குப் பின்னாடி கீழ இறக்கி மாட்டிட்டா, சில்லுனு காத்து இழுக்கும்" என்றார் கடைக்காரர்.

அப்போது பிள்ளைச்சாவடிக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தார். போன வாரம் அதே அலுமினிய பைப்பை அப்படியே கீழே இறக்கி மாட்டிக்கொண்டு போனவர். நேற்றைய மழையில் பைப் தெருத் தண்ணீரை உறிஞ்சி, என்ஜின் போய்விட்டதாம்.

"மழையில உன்ன யாரு வண்டிய எடுக்கச் சொன்னது?" என்று கடைக்காரர் சிரித்தார்.

எனக்கே கை துறுதுறுத்தது.

"என் வண்டி பொணமா கெடக்குது, நீ சிரிக்கிற?" என்று பிள்ளைச்சாவடிக்காரர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் பைப்பை எடுத்தார்.

அது கடைக்காரர் முதுகில் இறங்கி இரண்டாக உடைந்தது. அடுத்து அலுமினியத்தை எடுத்தார். கடைக்காரருக்கு மண்டை பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். மூன்று பேர் சேர்ந்துதான் அடித்தவரைப் பிடித்து இழுத்தோம்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்தது. தலையில் துண்டை அழுத்தியபடி ஏறிய கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்கல்லண்ணா, பைப்புல ஒரு நெளிவுகூட இல்ல. பேக் பண்ணச் சொல்லவா?"

இதைவிட நேர்மையான டெமோ யாராவது பார்த்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.