காசி நிறுத்தி வைத்த கதை

"ஆறு எங்கடா? ஆறு இன்னும் வர்ல?" என்று முறத்தின் விளிம்பைத் தட்டினார் காசி. கதையில் ஆறாகப் படுக்க வேண்டிய இரண்டு பிள்ளைகள் தட்டு கழுவப் போயிருந்தார்கள். ராஜா குதிரையோடு கரையில் நின்றுகொண்டிருந்தார். ஆறு வராமல் கதை நகராது. மற்ற பிள்ளைகள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். கடைசியில் ஈரக்கையோடு ஓடிவந்த ஆறு தரையில் நீளமாகப் படுத்துக்கொண்ட பிறகுதான் ராஜா அக்கரை போனார்.

ஜவ்வாது மலையில் உள்ள அந்த உண்டு உறைவிடப் பள்ளியில் காசி சமையற்காரர். வயது நாற்பத்து மூன்று. 1979-இல் அங்கே ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். நான்கு மணிக்கு வகுப்பு முடியும். நான்கே காலுக்குக் காசி நான்கு படி அரிசி அளந்து மூன்று முறங்களில் கொட்டுவார். மலைக்குக் கீழேயிருந்து வரும் ரேஷன் அரிசியில் கல் அதிகம். பிள்ளைகளைக் கல் பொறுக்க வரவழைப்பதற்காகத்தான் முதலில் கதை சொன்னார். கல் தீர்ந்தால் அன்றைய கதையும் தீர்ந்தது. இதற்காகவே மூன்றாம் வகுப்பு முனியன் ஒருநாள் வாசலிலிருந்து ஒரு பிடி பொடிக்கல்லை அள்ளிவந்து முறத்தில் போட்டுவிட்டான். "டேய், இது ரேஷன் கல்லு இல்லடா, நம்ம ஊரு கல்லு. எனக்கு மொகம் தெரியும்" என்றார் காசி.

ஒற்றைப் பிள்ளைக்கு அவர் கதை சொல்லமாட்டார். "ஒருத்தனுக்குச் சொன்னா அது கதை இல்ல, பொய்யி" என்பார். மரம், காற்று, கிணறு, கதவு என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, "இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்பார். பிள்ளைகள் சொன்ன வழியில்தான் கதை போகும். ஒருமுறை அவர்கள் ராஜாவைச் சாமை அறுக்க அனுப்பிவிட்டார்கள். கதை முடியும்வரை ராஜா அரண்மனைக்குத் திரும்பவேயில்லை.

இளமையில் காசி ஒன்பது வருடம் கூத்தில் வேஷம் கட்டியவர். அவர் ஆடிய குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆட்டம் முடிகிறவரை ஒருவன் கட்டிய வேஷத்தை இன்னொருவன் தொடக் கூடாது. அதைப் பள்ளிக்கும் கொண்டுவந்துவிட்டார். கதை எத்தனை நாள் ஓடினாலும் ஆள் மாறக் கூடாது. ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றை எடுக்கவும் கூடாது.

அந்த வருடம் தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அவர் ஆரம்பித்தது ஏழு அண்ணன்மார் கதை. அண்ணன்கள் தேன் எடுக்கப் போகிறார்கள். தங்கச்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு தனியாக இருக்கிறாள். மழை பெய்கிறது. அரக்கி வந்து, மூத்த அண்ணன் குரலில் கதவைத் திறக்கச் சொல்கிறாள். அரக்கி காசிதான். கைகளை விரித்து நின்ற முனியன் கதவு. தங்கச்சி, இரண்டாம் வகுப்புப் பூங்கோதை. காசிக்கு மச்சான் முறையான, பக்கத்து ஊர்ச் சடையனின் மூத்த மகள். அரக்கியைச் சோதிக்க அவள் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் அவளே கட்டியது.

"எங்கண்ணன் எந்தக் கையில கவுறு புடிப்பான்?"

"சோத்துக் கையில."

"இல்ல! எங்கண்ணன் நொட்டாங்கை. நீ அரக்கி!"

1979 அக்டோபர் 24, புதன்கிழமை. பூங்கோதை விடுமுறையிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று மாலை கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். காசி முறத்தைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களாடா, மழையில எப்டி நடுங்குறா! பல்லு கூட அடிக்கிது. நடிச்சா இப்டி நடிக்கணும்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பூங்கோதை இன்னும் ஒரு கேள்வி கேட்டாள். பிறகு மெல்ல, "மாமா, மெய்யாலுமே குளுருது" என்றாள்.

"குளுரத்தான் செய்யும். வாசல்ல அரக்கி வந்து நிக்கிறா இல்ல?" என்றார் காசி, அரக்கியின் குரலிலேயே. எல்லோரும் சிரித்தார்கள். சிறிது நேரத்தில் கல் தீர்ந்தது. மீதி நாளைக்கு என்று உலை வைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. சடையனுக்கு ஆள் போயிற்று. டோலி கட்டி அடிவாரத்து அமிர்திக்கு இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை மாலை செய்தி வந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

திங்கட்கிழமை, தலைமையாசிரியை ராணியம்மாள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கணியம்பாடிக்காரர், கண்டிப்பானவர். காசி வாசலில் வந்து நின்றார்.

"காய்ச்சல் எப்ப வந்துதுன்னு போட்டீங்க டீச்சரம்மா?"

"வியாழக்கிழமை காலையில."

"புதங்கெழம சாயந்தரம்னு போடுங்க."

"யார் பாத்தது காசி?"

"நான்தான். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ராணியம்மாள் பேனாவை மூடினார். "புதங்கிழமை பாத்திருந்தாலும் மறுநாள்தான் இறக்கியிருக்க முடியும்" என்றார். காசி தேதி திருத்தப்படும்வரை அங்கேயே நின்றார்.

அதன்பிறகு நான்கே காலுக்கு அவர் தனியாக உட்கார்ந்து கல் பொறுக்கினார். பிள்ளைகள் ஒரு வாரம் எட்ட நின்று பார்த்தார்கள். பிறகு தாமாகவே வந்து முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கல்லை மட்டும் பொறுக்கினார்கள்.

ஒருநாள் முனியன்தான் கேட்டான். "மாமா, நான் இன்னும் கதவா? இல்ல எறங்கிடலாமா?"

காசி அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி இன்னும் உள்ளயே இருக்குதா மாமா? அரக்கி போய்ட்டாளா?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது. காசி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வேறு கதையாவது சொல்லும்படி ராணியம்மாள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அந்தக் கதை நடுவுல நிக்கிதுங்க" என்பதே பதில். எட்டு மாதம் அப்படியே போயிற்று.

1980 ஜூன் 16, திங்கட்கிழமை. சடையன் இளைய மகள் செல்லியை முதல் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். காசி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. சடையனே உள்ளே வந்து விறகுக்கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"மச்சான், பெரியவ லீவுக்கு வந்தப்ப ஏதோ கதை சொல்லியிருக்கா. பாதிதான் சொன்னாளாம். இந்தச் சின்னது மீதிக் கதை இன்னான்னு கேட்டு எங்க உசுர வாங்குது."

"சடையா, அன்னிக்கி சாயந்தரமே அதுக்குக் காய்ச்சல். குளுருதுன்னு எங்கிட்டதான் சொல்லிச்சி. நான் நடிப்புன்னு நெனச்சிட்டேன்."

சடையன் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது. "லீவுலயே இருமிக்கிட்டுத்தான் இருந்தா. படிப்பு கெட்டுப்பூடும்னு நான்தான் கொண்ணாந்து உட்டேன்." நூலை அறுத்து அடுப்பில் போட்டார். "நீ சொல்லு, மச்சான். அது கேக்கட்டும்." போகும்போது மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று நான்கே காலுக்கு மூன்று முறங்களும் வந்தன. காசி ஒன்றும் சொல்லாமலே முனியன் எழுந்து கைகளை விரித்து நின்றான். இந்த எட்டு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தான். செல்லி நேரே போய் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"ஆளு மாத்தக் கூடாதுன்னு நீதான சொன்ன மாமா?" என்றாள் ஒருத்தி.

"இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார் காசி. பழைய கேள்விதான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கதவு திரும்பாமலே பேசியது. "இது தங்கச்சிக்குத் தங்கச்சிடா. வேற ஆளா? அந்த வூட்டு ஆளுதான."

எல்லோரும் சரி என்றார்கள்.

காசிக்கு அரக்கியின் குரல் வரவில்லை. தம் சொந்தக் குரலிலேயே, "தங்கச்சி, மழை பெய்யுது. கதவத் தொறம்மா" என்றார்.

மழை என்றதும் செல்லி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தோளைக் குறுக்கி, பல்லைக் கடகடவென்று அடித்து, உடம்பெல்லாம் ஆட நடுங்கினாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கி, காசியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

காசி முறத்தைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்தார். முனியனின் கைக்குக் கீழே கையை நீட்டி, தவிடு படிந்த புறங்கையைச் செல்லியின் கழுத்தில் வைத்தார்.

"நடிக்கிறேன் மாமா" என்றாள் செல்லி.

"தெரியும்மா" என்றார். கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளங்கையை வைத்து இன்னொரு முறை பார்த்தார்.