அப்பா சொல்லாத வரி

எங்கள் ஊர்க் கோவிலில் கர்த்தருடைய ஜெபத்தை உபதேசியார் ஆரம்பித்துவைத்தால் போதும், மீதியைச் சபையே இழுத்துக்கொண்டு போய்விடும். பரளச்சிப் பக்கத்துக் கரிசல்காட்டில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம் அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோருக்கும் பாய்தான். அருப்புக்கோட்டையிலிருந்து, நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் பாதிரியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பஸ்ஸில் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற வாரங்களில் உபதேசியார்தான் எல்லாம். அவருடைய பிரசங்கத்தில் தூங்கி வழிகிறவர்கள்கூட இந்த ஜெபத்துக்கு விழித்துக்கொண்டு, முழங்காலில் நின்று சத்தமாகச் சொல்வார்கள். வாய் அதுபாட்டுக்குச் சொல்லும். மனசு வீட்டு அடுப்பில் கிடக்கும். என் மனசும் அங்கேதான் கிடந்தது.

தான் சொல்வது இன்னதென்று யோசித்துச் சொன்னவர் எனக்குத் தெரிந்து என் அப்பா ஒருவர்தான். எங்களுக்குக் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அந்த வரி போன பிறகு மறுபடியும் சேர்ந்துகொள்வார். அப்பாவுக்குக் கனத்த குரல். அது நின்றால் கோவில் முழுக்கத் தெரியும்.

காரணம் பெரியப்பா. அறுபதுகளில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஒரு கிணறு இருந்தது. முறை வைத்து, மாடு பூட்டிக் கமலை இறைப்பார்கள். பருத்தி லோடோடு விருதுநகர் போன அப்பாவுக்கு, வண்டி அச்சு முறிந்து அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அவருடைய முறையன்று பெரியப்பா தன் மிளகாய்க்கு இறைத்துக்கொண்டார். அதன்பின் கிணறு ஊறவில்லை. அப்பாவின் மிளகாய்ச் செடி நின்ற நிலையிலேயே கருகியது. "நீ வரலைன்னு எறச்சேன்" என்றார் பெரியப்பா. தப்பு என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

உபதேசியார் ஒருநாள் வீடு தேடி வந்தார். "சொல்லி வைங்க அண்ணாச்சி. சொல்லச் சொல்ல மனசு தானா எளகிரும். அதுக்குத்தான ஆண்டவரு அந்த ஜெபத்தக் குடுத்தாரு" என்றார்.

"நான் மன்னிக்கல, ஐயா. மன்னிக்காம அதச் சொன்னா, என்னையும் மன்னிக்காதீகன்னு நானே ஆண்டவர்கிட்டக் கேட்டமாதிரில்ல ஆகும்" என்றார் அப்பா.

உபதேசியார் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மனஸ்தாபத்தோடு நற்கருணைக்குப் போகக் கூடாது என்று எங்கள் சபையில் ஒரு கண்டிப்பு. ஐயர் வருகிற ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். அப்பா ஒரு பாயிலும் பெரியப்பா இன்னொரு பாயிலும் உட்கார்ந்தே இருப்பார்கள். பெரியப்பாவின் பிடிவாதம் அது என்றும், அப்பாவின் நேர்மை இது என்றும் எங்கள் வீட்டில் பிரித்து வைத்திருந்தோம். எனக்குப் பெருமைகூட. இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மன்னிக்க முடியாதவனுக்குத்தான் அந்த ஜெபம் வேண்டியிருக்கிறது. அப்பாவோ காய்ச்சல் விட்டதும் மருந்து குடிக்கிறேன் என்கிறவரைப் போல வருஷக்கணக்கில் காத்திருந்தார்.

எழுபதுகளில் பெரியப்பா படுக்கையில் விழுந்தார். "போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க" என்று அம்மா கெஞ்சினார்.

"அவுக ஒரு வார்த்த சொல்லி விடட்டும். போறேன்" என்றார் அப்பா. சொல்லி விட்டால் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். வார்த்தை வரவில்லை. பங்குனி வெயிலில் சாவுச் செய்திதான் வந்தது.

அடக்கத்துக்கு ஐயர் வந்து சேரவில்லை, உபதேசியாரே நடத்தினார். குழியில் மண் போட்டபின் கூடி நிற்கிறவர்கள் எல்லோரும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்வது வழக்கம். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றோம். அந்த வரி வந்தபோது அப்பாவின் குரல் கேட்டது. பாதியில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து பிடித்தார். அதற்குள் கூட்டம் முடித்து ஆமென் சொல்லிவிட்டது. அப்பா இன்னும் அந்த வரியிலேயே இருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் குனிந்துகொண்டார்கள்.

திரும்பும்போது அப்பா பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்று "மதினி" என்றார்.

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குச் சொன்னீக தம்பி. நானும் கேட்டேன். அவுகளும் அந்த எடத்துல வாயத் தெறக்க மாட்டாக. ஒங்க சத்தம் வருதான்னு காதக் குடுத்துக்கிட்டே இருப்பாக. தம்பி மொதல்ல மன்னிக்கட்டும், பெறகு நான் ஆண்டவர்கிட்டக் கேக்கேன்னு சொல்வாக."

பெரியப்பாவுக்கு மெல்லிய குரல். அது ஒலித்ததா, நின்றதா என்று எங்களில் ஒருவரும் கவனித்ததில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே வரியில், இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவராவது நேர்மையில்லாமல் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்று விளக்கு வைத்ததும் வீட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அப்பாதான் ஆரம்பித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

"நான் மன்னிக்கிறது கெடக்கட்டும். போயிப் பாக்காத என்னைய அவுக மன்னிச்சாகளான்னு இனி யாரப் போயிக் கேக்க?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு மீதி ஜெபத்தைத் தனியாகச் சொல்லி முடித்தார்.