அகலக் கரை வைத்த கார்

தன் காரைத் தாழ்த்துவதில்லை என்ற முடிவைக் கணக்கு வாத்தியார் சண்முகவேல் ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் அறிவித்தார். உடனிருந்தவர்கள் இருவர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனவே அந்த நிகழ்வுக்கு நான் ஒருவனே சாட்சி.

அது நடந்து பல வருடமாகிறது. சென்ற வாரம் மண்டபம் கடற்கரையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது வாத்தியாரின் மைத்துனர் துரைராஜ் அழைத்தார். "சார், மச்சான் போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ராம்நாடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம்" என்றார். பேரத்தை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடலாடியில் வாத்தியாரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவர் கையால் வாங்கிய அடி நினைவிருக்கும். அவருடைய அழகுணர்ச்சி தெரிந்திருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாம் துரைராஜ் சொன்ன ஒரு சொல்லில் தொடங்கியது. வாத்தியார் ஆசையாக வாங்கிய வெள்ளைக் காரைச் சுற்றிவந்து பார்த்தவர், "என்ன மச்சான், ஓடையில எறங்கப் போறவுக வேட்டியத் தூக்கிப் பிடிச்ச மாதிரி நிக்குது" என்றார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு கோழி அடைகாக்க இடமிருந்தது உண்மைதான். துரைராஜின் காரோ ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அன்றிலிருந்து வாத்தியார் தன் காரைப் பக்கவாட்டில் பார்ப்பதைத் தவிர்த்தார்.

தாழ்த்த ஆசை இருந்தது. சாலை இடம் கொடுக்கவில்லை. அவர் ஊருக்கான சாலை கண்மாய்க்கரை மேல் போகிறது. கரிமூட்டை லாரிகள் அதை உழுது வைத்திருந்தன. நடுவில் ஒரு சிறு பாலம் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவேதான் அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பு: "உசரம் நம்ம கையில இல்ல சார். அகலம் இருக்கு."

இது அவர் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கொள்கை. பள்ளி ஆண்டு விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். வரிசையில் அவரே குட்டை. ஆனால் கால்களை அகட்டி, இருவருக்கான இடத்தில் நிற்பார். அவரைக் குள்ளர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ராமநாதபுரத்துப் பட்டறை ஒன்றில் அகல டயர் மாட்டி, சக்கரங்களுக்கு உட்புறம் அலுமினிய வளையம் வைத்து வெளியே தள்ளினார்கள். டயர் மட்கார்டோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் பகட்டு என்பது வாத்தியாரின் கட்சி. கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு நான்கு சக்கரங்களையும் சரிபார்த்தார். பிறகு கதவுகளுக்குக் கீழே கறுப்பு அடிக்கச் சொன்னார். "வேட்டிய எறக்க முடியாது. கரைய அகலமாப் போட்டுக்கிருவோம்" என்றார். கார் நின்ற இடத்திலேயே தாழ்ந்துபோனது. அடியில் இருந்த இடைவெளி மட்டும் மயிரிழையும் குறையவில்லை.

ஒரே ஒரு சிக்கல். கார் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசல் தூணின் அடிப்பீடம் டயரைத் தடுத்தது. காரைத் திருத்துவது பற்றி அவர் யோசிக்கவே இல்லை. தூணை இடித்து, தாராளமாக இருக்கட்டும் என்று ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொன்னார். "காரு குண்டாயிருச்சுன்னு வீட்ட இடிக்கிறாக" என்று அவர் மனைவி வள்ளியம்மாள் தெருவுக்கு அறிவித்தார். "இனி இந்த வாசலுக்கு லாரியா வரப்போகுது?"

துரைராஜின் மகள் கல்யாணம் திருப்புல்லாணியில் நடந்தது. மறுநாள் விருந்து வாத்தியார் வீட்டில். மணமக்களை ஏற்றிவந்த துரைராஜின் கார் அந்தப் பாலத்தின் மேல் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. பட்டு வேட்டிகள் இறங்கி அதைப் பின்னுக்குத் தள்ளி ஓரங்கட்டின. பின்னால் வந்த வாத்தியார் மணமக்களைத் தன் காருக்கு மாற்றி, பாலத்தில் எங்கும் உரசாமல் ஏறி இறங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் துரைராஜ் அந்தக் காரை மறுபடி சுற்றிவந்தார். "வேட்டிய எறக்கிட்டீகளே மச்சான். பெறகு எப்படித் தட்டாம வந்தீக?"

வாத்தியார் கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி நின்றார்.

தூக்குக்குண்டைக் கொத்தனார் கடைசிவரை திருப்பிக் கேட்கவில்லை. வள்ளியம்மாள் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். என் மேசைமேல் இருக்கிறது. படம் எடுக்க நிற்கும்போது நானும் இப்போது கால்களை அகட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாத்தியாரைக் கொண்டுவந்த ஊர்தி அகலமானது. அது தெருவில் நிற்காமல் நேராக வாசலுக்குள் வந்தது.